தலைவரைக் காக்காமல் நின்ற மரம்

புனித வெள்ளியன்று திருச்சிலுவையை முத்தி செய்யும்போது நம் கண்கள் ஆண்டவரின் திருக்காயங்களையே தேடுகின்றன. அவரைத் தாங்கிய மரத்தை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. ஆனால், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு இங்கிலாந்தில் பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட 'திருச்சிலுவைக் கனவு' என்னும் கவிதையில், அந்த மரமே தன் கதையைச் சொல்கிறது. 156 அடிகளே கொண்ட சிறு கவிதை அது.

அதன் ஆழத்தை உணர, அம்மக்கள் யாரை வீரன் என்று அழைத்தார்கள் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். திருத்தந்தை பெரிய கிரகோரியார் அனுப்பிய துறவி அகுஸ்தின் 597-ஆம் ஆண்டு கென்ட் நாட்டில் நற்செய்தி அறிவிக்க வந்தபோது, அங்கு வாழ்ந்த ஆங்கிலோ-சாக்சன் மக்கள் போர்க்குடியினர். தலைவன் தன் மண்டபத்தில் விருந்தளிப்பான். பொன் வளையங்களைப் பரிசளிப்பான். உண்ட வீரன் செஞ்சோற்றுக் கடன் தீர்க்கத் தன் உயிரையே கொடுக்க வேண்டும். 3182 அடிகள் கொண்ட 'பேயோவுல்ஃப்' காவியத்தின் இறுதியில், முதிர்ந்த அரசன் நெருப்புமிழும் நாகத்தோடு தனியே போராடுகிறான். உடன் வந்தவர்கள் காட்டுக்குள் ஓடி ஒளிகிறார்கள். விக்லாஃப் என்ற இளைஞன் மட்டும் தலைவனின் பக்கம் வருகிறான். 991-ஆம் ஆண்டு மால்டன் என்னுமிடத்தில் வைக்கிங் படையினரோடு நடந்த போரைப் பாடும் கவிதையிலும் இதே நிலைதான். தலைவன் வீழ்ந்ததும் ஒருவன் தலைவனின் குதிரையிலேயே ஏறித் தப்புகிறான். வேறு சிலரும் ஓடுகிறார்கள்; உண்மையான வீரர்கள் நின்று மடிகிறார்கள். தலைவனைக் கைவிட்டவனுக்கு அச்சமூகத்தில் மன்னிப்பே இல்லை.

இப்படிப்பட்டவர்களிடம், எதிர்த்து நிற்காமல் அறையப்பட்ட ஒருவரை ஆண்டவர் என்று எப்படிச் சொல்வது? அவருடைய சீடர்களும் ஓடிப்போனார்கள் அல்லவா?

கவிஞர் ஆண்டவரை இளம் வீரராகக் காட்டுகிறார். அவரை யாரும் இழுத்து வரவில்லை. அவரே விரைந்து வந்து, தம் ஆடையைக் களைந்து, போர்க்களம் புகுவதுபோல மரத்தின்மேல் ஏறுகிறார். தம் உயிரைத் தாமாகவே கொடுப்பதாக ஆண்டவர் கூறும் யோவான் நற்செய்தியின் 10-ஆம் அதிகாரம் நம் நினைவுக்கு வருகிறது. கெத்சமனியின் வேதனை இக்கவிதையில் இல்லை. அது ஒரு குறைதானே என்று நமக்கும் முதலில் தோன்றியது. மீண்டும் படித்தபோதுதான் அந்த நடுக்கம் எங்கே போனது என்று புரிந்தது: வீரர் தழுவியபோது மரம் நடுங்குகிறது!

ஏனெனில் இங்கே படைவீரன் அந்த மரம்தான். காட்டோரத்தில் வெட்டப்பட்டு, குற்றவாளிகளைச் சுமக்க நிறுத்தப்பட்ட மரம். அது நினைத்திருந்தால் பகைவர்மேல் சாய்ந்து அவர்களை நசுக்கியிருக்கலாம். நல்ல வீரன் அதைத்தான் செய்வான். ஆனால், ஆண்டவரின் சொல்லை மீறி வளையக் கூடாது என்று அது நிமிர்ந்து நிற்கிறது. ஆணிகள் அதன்மேலும் பாய்கின்றன, ஏளனம் இருவர்மேலும் விழுகிறது. தலைவரைக் காக்க வேண்டிய வீரன், அவருடைய கீழ்ப்படிதலில் பங்குகொண்டு, அவருடைய சாவுக்கே கருவியாகிறான். பேயோவுல்ஃப் பாடலைக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இதைவிடக் கொடிய சோதனை இருந்திருக்க முடியாது. பேதுரு வாளை உருவியபோது அதை உறையில் போடச் சொன்னவரும் இதே ஆண்டவர்தான்.

பின்னர் அம்மரம் குழியில் புதைக்கப்படுகிறது. ஆண்டவரின் நண்பர்கள் அதைக் கண்டெடுத்துப் பொன்னாலும் வெள்ளியாலும் அணி செய்கிறார்கள்.

இக்கவிதையின் முழு வடிவம் வட இத்தாலியின் வெர்செல்லி பேராலய நூலகத்திலுள்ள 10-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படியில் இருக்கிறது. அதற்கும் முன்பே, இன்றைய ஸ்காட்லாந்தின் ரத்வெல் ஊரில் சுமார் 18 அடி உயரக் கற்சிலுவை ஒன்றில், மரம் பேசும் பகுதியின் சில அடிகள் ரூன் எழுத்துகளில் செதுக்கப்பட்டன. 17-ஆம் நூற்றாண்டில், திரு உருவங்கள் கூடாது என்ற சமயக் கட்டளையால் அச்சிலுவை உடைத்துத் தள்ளப்பட்டது. 1823-இல் அவ்வூர் ஆலயப் போதகர் ஹென்றி டங்கன் துண்டுகளைத் திரட்டி அதை மீண்டும் நிறுத்தினார். 1887 முதல் அது அவ்வூர் ஆலயத்துக்குள் நிற்கிறது.