முரசொலிக்கும் மீன்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலக் கரையோரமாக லகூனா மாட்ரே என்னும் நீண்ட உப்பங்கழி உள்ளது. அதன் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டரே. அங்கு வாழும் 'பிளாக் டிரம்', நம் கடலோர மக்கள் கத்தாளை என்றழைக்கும் மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. இனப்பெருக்கக் காலத்தில் தன் காற்றுப்பையை அதிரச் செய்து முரசறைவது போல ஒலி எழுப்பும். பெயர்க் காரணம் அதுவே.

தாடையின் கீழுள்ள மீசை இழைகளால் சேற்றைத் துழாவி, சிப்பியையும் நண்டையும் தொண்டைப் பற்களால் நொறுக்கி உண்ணும். அவ்வாறு தலைகுனிந்து மேய்கையில் வால் நீர்மேல் தெரியும். தூண்டிற்காரர் முழங்காலளவு நீரில் ஓசையின்றி நெருங்கி, அதன் முன்னே இறாலையோ நண்டுத் துண்டையோ இடுவர். மோப்பத்தால் இரை தேடும் மீனாதலின், காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

14 முதல் 30 அங்குலம் வரையுள்ள மீன்களை, நாளொன்றுக்கு 5 மட்டுமே, ஒருவர் எடுத்துச் செல்லலாம். அதற்கு மேல் 52 அங்குலம் வரை வளர்ந்தவற்றை, எத்துணைப் போராடிப் பிடித்தாலும், நீரிலேயே விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். ஏன்? 40 ஆண்டுகளுக்கு மேல் வாழவல்ல இம்மீனின் பெரிய பெண்மீன், ஆண்டொன்றில் கோடிக்கணக்கில் முட்டையிடும்.

கைக்கெட்டியதை விடுவது எளிதன்று. ஆயினும் நாளைய பிள்ளைகளின் தூண்டிலுக்கும் மீன் வேண்டுமன்றோ!