முடிந்த வழக்கு, முடியாத வழக்கு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பட்டறைகளில் வெல்டிங்கும் லேத் வேலையும் கற்று வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ செல்ல முனையும் இளைஞரைப் பழைய அடிதடி வழக்கு முதலில் மறிக்கும் இடம் அயல்நாட்டு விமான நிலையம் அன்று. 2022 ஜனவரியில் உருவான ஆவடி காவல் ஆணையரகத்தின் உள்ளூர்க் காவல் நிலையம் பாஸ்போர்ட்டுக்காக நடத்தும் விசாரணையிலேயே அது வெளிப்பட்டுவிடுகிறது.

1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம், 6(2) பிரிவில், தண்டனை பெற்றவரையும் வழக்கு நிலுவையில் உள்ளவரையும் வெவ்வேறாக நடத்துகிறது. திருட்டு, மோசடி போன்ற ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக, விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்தாண்டுகளுக்குள் தண்டிக்கப்பட்டு, இரண்டாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றிருந்தால்தான் தண்டனை என்ற காரணத்துக்காக பாஸ்போர்ட்டை மறுக்க முடியும். குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பவருக்கோ அத்தகைய அளவுகோல் ஏதுமில்லை. குற்றம் சிறிதா பெரிதா என்று பாராமலே மறுப்பு வந்துவிடும். திருடித் தண்டனை முடித்து ஐந்தாண்டு கடத்தியவருக்குக் கிடைக்கும் பாஸ்போர்ட், தெருச் சண்டையில் பெயர் சேர்க்கப்பட்டு வாய்தா வாய்தாவாக அலைபவருக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான். வழக்குகள் விரைந்து முடியும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட சட்டம் போலும்.

எனினும், எஃப்.ஐ.ஆர். எனப்படும் முதல் தகவல் அறிக்கை பதிவானதாலேயே வழக்கு நிலுவையில் இருப்பதாகிவிடாது. காவல்துறையின் குற்றப்பத்திரிகை முதலியவற்றைப் பரிசீலித்து நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்றுக்கொண்ட பிறகே அந்தத் தடை பொருந்தும் என்று வெளியுறவு அமைச்சகம் 2019 அக்டோபரில் தெளிவுபடுத்தியது. ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்குக்கும் வழியுண்டு. 1993 ஆகஸ்ட் 25ஆம் நாளிட்ட மத்திய அரசின் அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றம், அது அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ இருக்கலாம், வெளிநாடு செல்ல அனுமதித்து ஆணையிட்டால், அதில் குறித்த காலத்துக்கு பாஸ்போர்ட் வழங்கப்படும். காலம் குறிக்கப்படாவிட்டால் ஓராண்டுக்கு மட்டுமே கிடைக்கும் என்பதால், மனுவிலேயே வேண்டிய காலத்தைக் கேட்பது அவசியம்.

ஆனால் வேலைக்கான ஒப்பந்தம் பல ஆண்டுகள் நீளும்போது இத்தகைய தற்காலிக அனுமதி போதாது. வழக்கையே முடிப்பதுதான் உறுதியான வழி. அண்டை வீட்டுத் தகராறு, குடும்பச் சண்டை போன்ற தனிப்பட்ட தன்மையுடையவற்றில் இரு தரப்பும் சமரசமானால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482ஆவது பிரிவுக்கு மாற்றாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528ஆவது பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்யலாம். குற்றம் உறுதியானாலும், 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி சிறைக்கு அனுப்பாமல் விடுவிக்கப்பட்டவருக்கு, அத்தண்டனைத் தீர்ப்பால் விளையும் தகுதியிழப்பு எதுவும் நேராது என்று அதன் 12ஆவது பிரிவு கூறுகிறது.

பாஸ்போர்ட் கிடைத்தபின் செல்லும் நாட்டின் அளவுகோல் வேறு. ஆஸ்திரேலியாவில் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவர் நன்னடத்தைத் தேர்வில் தவறியவராகிறார். கனடாவிலோ, தண்டனை முற்றும் முடிந்து ஐந்தாண்டு கழிந்தவர், திருந்தியவராக ஏற்கும்படி விண்ணப்பிக்கலாம்.

இவற்றையெல்லாம் அறியாமல், சில முகவர்களின் பேச்சைக் கேட்டு வழக்கை மறைப்பவர் புதிய குற்றவாளியாகிறார்; பாஸ்போர்ட்டுக்காகப் பொய்த் தகவல் தந்தால் இரண்டாண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ரத்தான அல்லது விடுதலையில் முடிந்த வழக்கும் காவல் நிலையப் பதிவேட்டில் நிலுவை என்றே நீடிக்கக்கூடுமாதலால், தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலை நீதிமன்றத்திலிருந்து பெற்று, விசாரணைக்கு வரும் காவலரிடம் முன்கூட்டியே காட்டுவது நல்லது.