தோளில் இரண்டு கடல்!

ஏ.ஸி.யைப் பதினெட்டில் வைத்துவிட்டு ரிமோட்டை எங்கேயோ ஒளித்துவைக்கிற புண்ணியவான் எல்லா ஆபீஸிலும் ஒருவர் இருப்பார். அவர் தயவில்தான் சென்னை மாதிரி ஊரிலும் நாற்காலிக்கு நாற்காலி சால்வை தொங்குகிறது. பொதுக்கூட்டப் பொன்னாடையைச் சொல்லவில்லை. நிஜமாகவே குளிருக்குப் போர்த்துகிற சால்வை. அதைக் கடையில் வாங்கலாம். இல்லை, ஊசியும் நூலும் எடுத்து நாமே பின்னலாம். நான் இரண்டாவது கட்சி.

"ஆம்பளை, அதுவும் பி.காம். படிச்சுட்டு, உல்லன் பின்றானாம்!" என்று மெட்ரோ ரயிலில் எதிர் ஸீட்காரர்கள் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். பேசட்டும். பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரிக்கு நடுவே டக்கீலே என்றொரு தீவு இருக்கிறது. அங்கே பின்னல் ஆண்கள் வேலை. பையன்கள் சின்ன வயசிலேயே ஊசி பிடிக்கிறார்கள். ஒழுங்காக ஒரு தொப்பி பின்னத் தெரியாதவனுக்குப் பெண் கிடைப்பது கஷ்டம் என்பார்கள். 2005-ல் யுனெஸ்கோவே அந்தத் தீவுக் கைவேலையை மனித குலத்தின் சொத்து என்று அறிவித்துவிட்டது. அவ்வளவு தூரம் ஏன்? இந்த நிமிஷம் நீங்கள் போட்டிருக்கிற பனியன் இருக்கிறதே, அது நெசவு இல்லை சார், பின்னல்! திருப்பூரில் மெஷின் பின்னுகிறது, மெட்ரோவில் நான் பின்னுகிறேன்.

பின்னலில் எத்தனையோ தினுசு. என்னை மடக்கிப்போட்டது 'ப்ரியோஷ்'. பிரான்ஸில் வெண்ணெயும் முட்டையும் போட்டுச் செய்கிற ஒரு பன்னுக்கு அந்தப் பெயர். அந்த பன் வடிவத்தில் கால் வைத்துக்கொள்ளும் திண்டுகள் பின்னுவது 1840-களில் இங்கிலாந்து சீமாட்டிகளின் பொழுதுபோக்கு. திண்டு போய்விட்டது, பெயர் மட்டும் பின்னலில் ஒட்டிக்கொண்டது. ஆம்ஸ்டர்டாமில் குடியேறிய நான்ஸி மார்ச்சன்ட் என்ற அமெரிக்க அம்மையார் 2009-ல் இதற்கென்றே தனியாக ஒரு தடிப் புத்தகம் போட்ட பிறகு, உலகம் பூராவும் பின்னுகிறவர்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

விஷயம் இதுதான். சாதாரணப் பின்னலில் ஊசியில் இருக்கிற எல்லாக் கண்ணியையும் வரிசையாகப் பின்னிக்கொண்டு போகலாம். ப்ரியோஷில் ஒன்றைப் பின்ன வேண்டும், அடுத்ததைப் பின்னாமல் அப்படியே அடுத்த ஊசிக்கு மாற்றி, அதன் தோளில் நூலை ஒரு சுற்று போட வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் தோளில் துண்டு போட்டிருப்பார்களே, அச்சு அசல் அதே மாதிரி உட்கார்ந்திருக்கும். அடுத்த நடையில் ஆளையும் துண்டையும் சேர்த்துப் பின்ன வேண்டும்.

இரண்டு நிறம் என்றால் இன்னும் வேடிக்கை. முதல் நிறம் தன் கண்ணிகளைப் பின்னிக்கொண்டு, மற்றவன் கண்ணிகளுக்குத் துண்டு போட்டுக்கொண்டே போகும். முடிந்ததும் திருப்பக் கூடாது. எல்லாவற்றையும் ஊசியின் மறுமுனைக்குத் தள்ளிக் கொண்டுவந்து (அதனால்தான் இரண்டு பக்கமும் முனை உள்ள வட்ட ஊசி), இரண்டாவது நிறம் அதே பாதையில் நடக்க வேண்டும். பிறகுதான் திருப்புவது. ஆக, ஒரு வரிக்கு இரண்டு நடை. பி.காம்.காரனுக்கு இதைப் புரிந்துகொள்ள இரண்டு நிமிஷம் போதும். டபுள் என்ட்ரி! பச்சையில் ஒரு பற்று, நீலத்தில் ஒரு வரவு. ஒரு பதிவு விட்டுப்போனாலும் டாலி ஆகாது.

கணக்கு சரியாக இருந்தால் கிடைக்கிற துணியின் அழகே தனி. ஒரு பக்கம் பச்சை வரப்பாக எழும்பி நிற்கும், நீலம் பள்ளத்தில் ஓடும். திருப்பினால் நீலம் மேலே, பச்சை பள்ளத்தில். இந்தத் துணிக்கு உள் பக்கம் என்பதே கிடையாது. இதே துணியை வேறு வழியில் வரவழைக்கிற முறை ஒன்றும் உண்டு. அதை ஆங்கிலத்தில் மீனவர் பேரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள்.

மீனவர் என்றதும் எனக்கு அம்மாவின் ஊர் ஞாபகத்துக்கு வந்தது. ஊர் என்று சொல்கிறேனே தவிர, இப்போது அங்கே ஊர் இல்லை. தனுஷ்கோடி.

1914-ல் பாம்பன் பாலம் வந்த பிறகு, எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கே கப்பல் மாறினால் தலைமன்னார், அங்கிருந்து கொழும்புக்கு ரயில் என்று ஜோராக இருந்த ஊர். தாத்தாவுக்கு அங்கே ரயில்வே வேலை. 1964 ஜூனில் மானாமதுரைக்கு மாற்றல் வந்து, சட்டி பானையோடு கிளம்பிவிட்டார்கள். அம்மாவுக்கு ஆறு வயசு. அந்த டிசம்பர் 22 ராத்திரி புயல். பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே அலை கொண்டுபோனது. அந்த ரயிலில் மட்டும் நூற்றுக்கு மேல் உயிர்கள். ஊர், வாழத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்தது. ரயில் ராமேஸ்வரத்தோடு நின்றுகொண்டது. அதன் பிறகு தாத்தா வீட்டில் அந்த ஊர்ப் பேச்சையே எடுத்ததில்லையாம்.

2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு போட்டுத் திறந்தபோது அம்மாவைக் கூப்பிட்டோம். "வேணாம்ப்பா. அங்கே போய் யார் வீட்டுக் கதவைத் தட்டறது?" என்றாள். அதற்கு மேல் யார் என்ன பேசுவது!

அதனால் ஊரையே பின்னிக் கொடுத்துவிடலாம் என்று ஷேட் கார்டை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் விரித்தேன். (சௌகார்பேட்டைப் பக்கம் 'உல்லன்' என்று கேட்டால் அக்ரிலிக்தான் எடுத்துப்போடுவார்கள். நிஜக் கம்பளி என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். விலையைக் கேட்டதும் வாய் இன்னொரு தடவை தானாகத் திறக்கும். பருத்தி நூல் இதற்கு உதவாது. கம்பளிக்குள்ள துள்ளல் அதில் கிடையாது, சால்வை தொங்கிப்போகும்.)

"கடல் நீலம்தானே?" என்று நான் ஒரு பளீர் நீலத்தைக் காட்ட, அம்மா முகத்தைச் சுளித்தாள். "யார் சொன்னா? தெக்குப் பக்கம் மைக்கூடு கவுந்த மாதிரி இருக்கும். வடக்குப் பக்கம் சாம்பல் பச்சை. நடுவுல மணல், அவ்வளவுதான்."

தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். வடக்கே வங்கக் கடல், பெண் கடல். அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஆண் சீறும், பெண் சாது. அம்மா இதை ஒப்புக்கொள்ளவில்லை. "பேர்தான் பொம்பளக் கடல். கச்சான் காத்து அடிக்கறப்போ தெக்கே பொங்கும், வடக்கே குளம் மாதிரி கிடக்கும். வாடை பொறந்துட்டா வடக்கே போய்ப் பாரு, யாரு ஆம்பளை யாரு பொம்பளைன்னு தெரியும்!" அறுபது வருஷமாகப் பேசாத ஊரைப் பற்றி அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினாள். எந்த வீட்டில் கோழி இருந்தது, யார் வீட்டுத் திண்ணையில் தாயக்கட்டம் கீறியிருந்தது என்பது வரைக்கும். அடுப்பில் சாம்பார் சுண்டிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

ஐந்து கண்ணியில் ஆரம்பித்தேன். அதுதான் அரிச்சல்முனை. அங்கிருந்து ராமேஸ்வரம் பக்கம் அகலமாகிக்கொண்டே போகிற நீள முக்கோணம். ப்ரியோஷில் கண்ணியை ஒன்று ஒன்றாகக் கூட்ட முடியாது. பச்சை, நீலம், பச்சை என்ற முறை கெட்டுவிடும். ஒரு கண்ணியிலேயே மூன்றை வரவழைத்து, இரண்டு இரண்டாகத்தான் ஏற வேண்டும். ஒரு கண்ணி நழுவினால் ஆளும் துண்டும் சேர்ந்து கீழே இறங்கிவிடும், பிடித்து ஏற்றுவது பெரும்பாடு. அதனால் அனுபவஸ்தர்கள் பத்துப் பதினைந்து வரிக்கு ஒரு தடவை மெல்லிய நூல் ஒன்றை எல்லாக் கண்ணியிலும் கோத்து விட்டுவைப்பார்கள். என்ன நேர்ந்தாலும் அந்த நூலுக்குக் கீழே அவிழாது. பேரே 'லைஃப்லைன்'.

நாலு மாசம். சுமார் 130 மணி நேரம். ஓவர்டைம் ரேட் போட்டுப் பார்த்தால் காஞ்சிபுரம் பட்டே மலிவு. "எனக்கும் ஒண்ணு பின்னிக் குடுப்பா" என்ற ஆபீஸ் நண்பரிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டினேன். அப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆவணியில் சால்வை முடிந்தது. அம்மா மை நீலம் வெளியே தெரியப் போர்த்திக்கொண்டாள். சாயங்காலம் வாசலில் உட்காரும்போதும் அப்படித்தான், டாக்டரைப் பார்க்கப் போகும்போதும் அப்படித்தான். கார்த்திகையில் ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்தால், தோளில் சாம்பல் பச்சை.

"என்னம்மா, உள் பக்கம் வெளியே இருக்கு?"

"இதுல உள் பக்கம் ஏது? காத்து மாறிடுச்சுல்ல" என்றாள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டே. கொஞ்ச நேரம் கழித்து, நிமிராமல் கேட்டாள்:

"ரோடு முனை வரைக்குமா போட்டிருக்கான்?"