மாதிரி விமானத்தின் புகைக்குழாய்

வானில் வித்தை புரியும் மாதிரி விமானங்களுள் ஒரு வகை, ஓட்டுபவரின் கைப்பிடியிலிருந்து செல்லும் இரு மெல்லிய கம்பிகளால் கட்டுப்படுத்தப்படுவது. சர்வதேசப் போட்டி விதிப்படி கம்பியின் நீளம் 21.5 மீட்டருக்கு மேற்படலாகாது. அந்த அரைக்கோள வெளிக்குள்ளேயே வளையமும் சதுரமும் எட்டின் வடிவமும் பிழையின்றி வரையப்பட வேண்டும். ஏறுகையில் புவியீர்ப்பு விமானத்தைத் தடுக்கிறது; இறங்குகையில் அதுவே உந்துகிறது. ஏற்றத்தில் வேகம் குன்றினால் கம்பி தளர்ந்து, கட்டுப்பாடு நழுவி, பல மாத உழைப்பு ஒரு நொடியில் தரையில் மோதிச் சிதறும். ஆகவே இங்கு வேண்டப்படுவது பெருஞ்சக்தியன்று; மாறாத வேகமே.

பழைய முறை எளியது. 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த பாக்ஸ் 35 போன்ற எஞ்சின்களில், எரிபொருள் மிகுதியாகச் செல்லுமாறு ஊசி வால்வைத் திருகி வைப்பர். சமமாகப் பறக்கையில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றே வெடிப்பு நிகழும். மூக்கு உயர்ந்ததும் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும். ஓசை மாறுவதைக் காதாலேயே அறியலாம்.

புகைக்குழாயை இசைவிக்கும் முறை இதனினும் நுட்பமானது. இருவீச்சு எஞ்சினின் புகைவாய் திறந்தவுடன் ஓர் அழுத்த அலை குழாயினூடே விரைகிறது. குழாய் கூம்புபோல் விரியுமிடத்தில் அதன் ஒரு பகுதி தாழ்வழுத்த அலையாகத் திரும்பி, எஞ்சிய புகையை உறிஞ்சி எடுக்கிறது. அப்பால் குழாய் குறுகுமிடத்தில் பட்டுத் திரும்பும் பகுதியோ உயரழுத்த அலையாகவே வந்து, தப்பியோடும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் மீண்டும் தள்ளுகிறது. 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம். இசட். மோட்டார் சைக்கிள்களுக்காக வால்டர் காடன் இதனைத் திருத்தமுற வளர்த்தார். 1961-இல் அந்நிறுவனத்தின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டு வெளியேறி, இந்நுட்பத்தை ஜப்பானின் சுசூகிக்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டே 50 சி.சி. பிரிவில் உலகப் பட்டம் சுசூகிக்குக் கிட்டியது.

கணக்கு கடினமானதன்று. நிமிடத்திற்கு 10,000 சுற்று சுழலும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 6 மில்லி செகண்டு. புகைவாய் திறந்து மூன்றிலொரு சுற்று கழிந்ததும் அலை திரும்ப வேண்டுமெனில் அதற்குள்ள அவகாசம் 2 மில்லி செகண்டே. சூடான புகையில் அலையின் வேகத்தை வினாடிக்கு 500 மீட்டர் எனக் கொண்டால், போகவர 1 மீட்டர். குழாயின் நீளம் அரை மீட்டர்.

பந்தய வண்டியில் இவ்வலையின் பயன் உச்ச சக்தி. வித்தை விமானத்திலோ அது கடிவாளமாகிறது. குழாய் மிகவும் உதவும் சுழற்சிக்குச் சற்று மேலாக எஞ்சினை ஓடவிடுவர். இறக்கத்தில் சுழற்சி கூடினால் அலை காலந்தாழ்ந்து வந்து பயனற்றுப்போக, சக்தி குறையும். ஏற்றத்தில் சுழற்சி சிறிது தாழ்ந்தால் அலை உரிய கணத்தில் வந்து சேர, சக்தி மிகும். மின்மோட்டார் பூட்டிய விமானங்களில் இவ்வேலையை மின்னணுக் கருவி செய்துவிடுகிறது. ஆயினும் உலோகக் குழாய் ஒன்று, அசையும் உறுப்பு எதுவுமின்றி இதனைச் சாதிப்பது வியப்புக்குரியதே.

அரை மீட்டர்க் குழாயை 5 மில்லிமீட்டர் நீட்டினால் இசைவுச் சுழற்சி நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 குறையும். கலவையைச் செறிவாக்கினாலும் அதே விளைவுண்டு. புகை குளிர்ந்து அலை மெல்லச் செல்வதே காரணம். இரண்டையும் ஒருங்கே மாற்றுபவர் எதனால் எது நேர்ந்ததென்று அறியார். எனவே எரிபொருளையும் விசிறியையும் மாற்றாது வைத்துக்கொண்டு, குழாயை மட்டும் ஒவ்வொரு பறப்பிற்கும் 3 மில்லிமீட்டர் அளவாக நகர்த்திப் பார்ப்பதே அனுபவமிக்கோர் வழக்கம்.