மண்ணில் கால் ஊன்றும் வேளை

1970 ஆம் ஆண்டு ஜூன் மாதம், சோவியத் நாட்டின் சோயுஸ் 9 விண்கலம் ஏறத்தாழ 18 நாள் புவியை வலம்வந்து தரையிறங்கிற்று. அதில் சென்ற நிக்கோலாயெவ், செவஸ்தியானொவ் என்னும் வீரர் இருவரும் உயிருடன் திரும்பினர். ஆயினும் தாமாக எழுந்து நிற்க அவர்களால் இயலவில்லை. பிறர் துணைகொண்டே வெளியே வந்தனர். 2006 ஆம் ஆண்டு செப்டம்பரில், 12 நாள் பயணம் முடித்து வந்த அமெரிக்க வீராங்கனை ஹைடிமேரி ஸ்டெஃபனிஷின் பைப்பர், ஹூஸ்டன் நகர வரவேற்பு விழாவில் பேசுகையிலேயே கால் தளர்ந்து சாய்ந்தார். விண்ணை வென்றவர்கள் மண்ணில் தடுமாறுவதேன்?

நாம் எழுந்து நிற்கும்போது, புவியீர்ப்பினால் இரத்தம் கால்களை நோக்கி இறங்குகிறது. கழுத்திலும் இதயத்தின் அருகிலும் உள்ள நுண்ணிய உணர்விகள் இதனை நொடியில் அறிகின்றன. உடனே இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன; இதயம் விரைந்து துடிக்கிறது; மூளைக்கு இரத்தம் குறைவின்றிச் செல்கிறது. நாம் அறியாமலேயே நாள்தோறும் நிகழும் அற்புதம் இது!

விண்வெளியிலோ எடையுணர்வு இல்லை. இரத்தமும் பிற நீரும் மேலேறுகின்றன. முகம் உப்புகிறது, கால்கள் மெலிகின்றன. நீர் மிகுந்துவிட்டதாக எண்ணி, உடல் இரத்தத்தின் நீர்ப்பகுதியைக் குறைத்துவிடுகிறது. வேலை குறைந்த இதயத் தசையும் சற்றே இளைக்கிறது. இந்நிலையில் புவிக்குத் திரும்பி எழுந்து நின்றால், மூளைக்கு எட்டும் இரத்தம் குறைந்து மயக்கம் வருகிறது.

இதற்கு மாற்றும் கண்டுள்ளனர். விண்ணில் நாள்தோறும் உடற்பயிற்சி. இறங்குமுன் உப்பு வில்லைகளும் தண்ணீரும். கால்களை இறுக்கும் உடை. 437 நாள் விண்ணில் வாழ்ந்து 1995 இல் திரும்பிய ரஷ்ய மருத்துவர் பொல்யாக்கொவ், கலத்திலிருந்து நாற்காலி வரை தாமே நடந்தார்!

இத்தளர்ச்சியை ஆராய விரும்பும் அறிஞர், நலமுள்ளோரை வாரக்கணக்கில் தலை சற்றுத் தாழ்ந்த படுக்கையில் கிடத்துகின்றனர். படுக்கையே விண்வெளிக்கு ஒப்பாகிறது! நம் இல்லத்தில் நெடுநாள் நோயில் கிடந்த பெரியவர்க்கும் இதுவே நேர்கிறது. அவர் சட்டென எழுந்தால் விழக்கூடும். முதலில் மெல்ல உட்காரட்டும்; கால்களைத் தொங்கவிட்டுச் சிறிது நேரம் இளைப்பாறட்டும்; பின்னர் ஒருவர் தாங்க எழட்டும். அவரது தளர்ச்சியைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளாதீர்.

காய்ச்சலாய்க் கிடந்த பேதுருவின் மாமியாரை நம் ஆண்டவர் நலமாக்கியபோது, அருகே சென்று கைகொடுத்தே எழச் செய்தார் அன்றோ? எழுவோர்க்கு நீளும் நம் கையும் அவரது கையே.