உழுந்தும் கச்சானும் கட்லட்டும்

வன்னியில் பிறந்தநாள், சாமத்திய வீடு, வீடு குடிபூரல் என்று எது நடந்தாலும் தேத்தண்ணியோடு ஓர் உறைப்புப் பலகாரம் வரும். இப்போது றோல்ஸையும் பற்றிஸையும் பேக்கரியில் சொல்லிச் செய்விப்போர் கூடிவிட்டனர். ஆனால் வீட்டிலேயே செய்யக்கூடிய பலகாரங்களுக்கு வேண்டிய உழுந்து, கௌபி, பயறு, கச்சான் எல்லாம் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மேட்டுநிலங்களிலேயே விளைகின்றன.

இவற்றில் முதலிடம் உழுந்து வடைக்கு. அதன் பக்குவம் முழுதும் அரைப்பில் இருக்கிறது. தோல் நீக்கிய உழுந்தை 2 மணி நேரம் ஊறவிட்டு, நீரை முற்றாக வடித்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். உழுந்தின் பசைத்தன்மை காற்றைப் பிடித்து வைப்பதால் மா பொங்கி இலேசாகும். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். தாழ்ந்தால் இன்னும் அரைக்க வேண்டும். தண்ணீர் கூடிய மா எண்ணெயைக் குடிக்கும், வட்டமும் நில்லாது. கொஞ்சம் அரிசி மா சேர்த்து இறுக்கலாம், ஆனால் வடையின் மென்மை குறையும். உப்பையும் வெங்காயத்தையும் சுடும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். முன்கூட்டியே கலந்தால் வெங்காயம் நீர் விட்டு, பட்ட பாடெல்லாம் வீணாகும்.

அரைப்புக்குப் பயப்படுவோருக்குக் கடலை வடை இலகு. ஊறிய கடலைப் பருப்பைச் செத்தல் மிளகாய், பெருஞ்சீரகத்தோடு கரகரப்பாக இடித்து, தட்டிப் பொரித்தால் போதும். நந்திக்கடல் இறால் கையில் இருந்தால் ஒவ்வொரு வடையின் மேலும் ஒன்றை அழுத்திப் பொரிக்கலாம். எந்த வடையும் சூட்டோடு தின்ன வேண்டியது. வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் ‘அம்மாச்சி’ உணவகங்களில் பெண்கள் கண்முன்னே சுட்டுக் கொடுக்கும் வடைக்கு இருக்கும் மவுசுக்கு அந்தச் சூடும் ஒரு காரணம்.

சுண்டலுக்கு அரைப்பும் இல்லை, பொரிப்பும் இல்லை. இரவே ஊறவிட்ட கௌபியைத் தோல் வெடிக்காமல் அவித்து, கடுகு, கறிவேப்பிலை, செத்தல் மிளகாய் தாளித்து, தேங்காய்ச் சொட்டுத் தூவினால் வாணி விழாவுக்கும் பிறந்தநாளுக்கும் ஒன்றுபோல் பொருந்தும். கச்சானுக்கு அந்த வேலைகூட இல்லை. முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் ஏ-9 வீதிப் பயணிகள் வாங்கும் வறுத்த கச்சானை நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளியோடு பிரட்டினால் ஒரு தட்டு நிறையும்.

மச்சம் தின்போர் கூடும் வீட்டில் கட்லட் இல்லாமல் சரிவராது. 425 கிராம் ரின் மீனின் நீரை வடித்து, முள் நீக்கி, அரைக் கிலோ அவித்த உருளைக்கிழங்கு, வதக்கிய வெங்காயம், மிளகுத்தூளோடு பிசைய வேண்டும். கிழங்கை ஆறவிட்டே மசிக்க வேண்டும். ஈரம் இருந்தால் உருண்டை எண்ணெயில் உடையும். முட்டையில் தோய்த்து றஸ்க் தூளில் புரட்டி, தாச்சியை நிரப்பாமல் நாலைந்தாகப் பொரிக்க வேண்டும். நிரப்பினால் எண்ணெயின் சூடு இறங்கி, மேல்தோல் முறுகாமல் ஊறிவிடும். றஸ்க் தூள் பூசிய உருண்டைகளை முதல் நாளே செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஆட்கள் வந்தபின் பொரிக்கலாம். உழுந்து மாவுக்கு அந்தச் சலுகை இல்லை. அது புளித்துவிடும், அன்றன்றே அரைக்க வேண்டும்.