பலூன் தோலுக்குள் எட்டிப் பார்ப்போமா?

தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த ஹீலியம் பலூன், சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டுக்கு வந்ததும் கூரையை முட்டிக்கொண்டு நிற்கும். மறுநாள் நாற்காலிக்கடியில் சுருங்கிக் கிடக்கும். முடிச்சு அவிழவில்லை, ஓட்டையும் விழவில்லை. ஹீலியம் அந்த ரப்பர்த் தோலுக்குள் புகுந்தே வெளியேறிவிட்டது! எப்படி என்று உள்ளே போய்ப் பார்த்துவிடுவோம், வாருங்கள்.

உள்ளே ஒரே ஆட்டம்! பால்மரத்துப் பால் தந்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. நெளிகின்றன, புரளுகின்றன. இரண்டு விலகும்போது பொடி இடம் ஒன்று திறக்கும். பக்கத்தில் துள்ளிக்கொண்டிருக்கும் வாயு மூலக்கூறு அதில் தாவும். உடனே பின்னால் வழி மூடிக்கொள்ளும்.

1831இல் ஃபிலடெல்ஃபியா மருத்துவர் மிட்செல், ரப்பர் பலூன்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் சுருங்கியது. 1866இல் தாமஸ் கிரகாம் காரணம் சொன்னார்: வாயு முதலில் ரப்பரில் கரைகிறது, ஊடுருவிப் போகிறது, மறுபக்கம் வெளியேறுகிறது. கரியமில வாயு நைட்ரஜனைவிடக் கனமானது. ஆனாலும் ரப்பரில் நன்றாகக் கரைவதால், பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் கடந்துவிடுகிறது.

இனிதான் வேடிக்கை. அந்த ரப்பரில் களிமண் தகடுகளைக் கலந்துவிடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு நானோமீட்டர் தடிமன், அதாவது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அகலமோ அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். வாயு தகட்டைத் துளைக்க முடியாது. காலை நேரத்துச் சௌராஸ்தா மார்க்கெட்டில் கூடைகளைச் சுற்றிச் சுற்றி நடப்பதுபோல் வளைந்துதான் போகவேண்டும். பாதை நீள்கிறது, கசிவு குறைகிறது.

சரி, பொடி சேர்த்தால் கசிவு குறையும் என்று முடிவுகட்டிவிடலாமா? கூடாது! 2002இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வைப் படித்து நான் துள்ளிவிட்டேன். ரப்பரைப்போலவே நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன, ஆனால் விறைப்பான ஒரு பாலிமரில் நுண்ணிய சிலிக்கா பொடியைக் கலந்தார்கள். பொடிக்குள் வாயு நுழைய வழியே இல்லை. ஆனாலும் கசிவு கூடியது! பொடி சங்கிலிகளை நெருங்கி அடுக்கவிடாமல் விலக்கி, இடைவெளிகளைப் பெரிதாக்கியிருந்தது. அதைவிட அதிசயம், சின்ன மீத்தேனை முந்திக்கொண்டு பெரிய பியூட்டேன் கடந்தது.

சுங்கை பினாங்கிலிருந்து பாலம் தாண்டினால் நிபோங் தெபால். அங்கே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் பாலிமரில் பொடி கலந்து வாயுக்களைப் பிரிக்கும் இத்தகைய கலப்புச் சவ்வுகளை ஆராய்கிறார்கள். இந்தத் துறையின் தலைவலி, பொடிக்கும் பாலிமருக்கும் நடுவில் விழும் இடைவெளி. ஒட்டாமல் விட்டால் நல்லது கெட்டது பாராமல் எல்லா வாயுவும் அந்தச் சந்து வழியே ஓடிவிடும்.

சோதிப்பது இப்படி. சவ்வை உலோகக் கலத்தில் இறுக்கி, ஒரு பக்கம் வாயு, மறுபக்கம் வெற்றிடம். வாயுவைத் திறந்ததும் மறுபக்க அழுத்தமானி அசையாது. மூலக்கூறுகள் உள்ளே தாவிக்கொண்டிருக்கின்றன! பிறகு எண் மெல்ல ஏறி, சீரான வேகத்தைப் பிடிக்கும். அந்தத் தாமதத்தையும் சவ்வின் தடிமனையும் வைத்தே பரவும் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள்.

மலேசியாவுக்கு இதில் பெரிய காரியம் இருக்கிறது. செம்பனை ஆலைக் கழிவுநீரிலிருந்து எழும் வாயுவில் மீத்தேனும் கரியமில வாயுவும் கலந்திருக்கும். மீத்தேனைப் பிரித்தால் நல்ல எரிபொருள். கரியமில வாயு மூலக்கூறின் அளவு 0.33 நானோமீட்டர், மீத்தேன் 0.38. இந்த 0.05 வித்தியாசத்தைப் பிடிக்கும் நுண்துளைப் பொடியைச் சவ்வுக்குள் சந்தில்லாமல் ஒட்டவைக்கத்தான் இத்தனை பாடு!